மடற்பனையும் ஐந்து ஸ்டாரும்

செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினாள். "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க."

2018இல் டிகிரி முடித்தவள். என்னிடம் மூன்று வருடம் புள்ளியியல் படித்தாள். இப்போது மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கோச்சடை பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் என் வீடு நடக்கிற தூரம்தான். ஆனாலும் இத்தனை வருடத்தில் இது மூன்றாவது வருகை. போனில் அவள் பள்ளியின் ஆப் திறந்திருந்தது. அதில் புதிதாக ஒரு பக்கம்: ஆசிரியரின் படம், பெயர், பாடம். அதற்குக் கீழே ஐந்து ஸ்டார். அதற்கும் கீழே ஒரு பெட்டி. 'உங்கள் கருத்து. பெயர் வெளியிடப்படாது.'

"அடுத்த மாசத்துல இருந்து பிள்ளைங்க போடுவாங்களாம். போட்டதை எல்லாரும் பார்க்கலாம். பேரன்ட்ஸ், மத்த டீச்சர்ஸ், எல்லாருமே. சனிக்கிழமை மீட்டிங். ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லணுமாம். நான் என்ன மேடம் சொல்றது?"

பயந்துபோய் வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. "ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் வேணாம்னு சொல்லப் போறாங்க. எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல" என்றாள். ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியரை மாணவர் எடைபோடுவதா என்று பதறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்னூல் ஞாபகம் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். அதன் பொதுப்பாயிரம், எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன்னாலேயே, யாரிடம் படிக்கலாம், யாரிடம் படிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை. ஆகாத ஆசிரியருக்கு நான்கு. கழற்குடம்: கழற்சிக்காயைப் போட்டு வைத்த குடம், போட்ட வரிசையில் எதுவும் வெளியே வராது. மடற்பனை: ஏறவும் விடாது, பறிக்கவும் விடாது, தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பருத்திக்குண்டிகை: குறுகிய வாயுள்ள பானையில் அடைத்த பஞ்சு, உள்ளே போவதும் சிரமம், வெளியே வருவதும் சிரமம். முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றியவன் தோட்டத்தில் நின்றுகொண்டு அடுத்தவன் தோட்டத்தில் காய்போடும் வளைந்த தென்னை.

இந்த நாலையும் படித்த எவரும் தன் பள்ளி நாட்களிலிருந்து நாலு முகங்களை நினைத்துக்கொள்வார்கள். ஆசிரியராக இருப்பவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: தான் எதுவென்று யோசிப்பார்கள். நான் மடற்பனையாக இருந்த வருடங்கள் உண்டு. சந்தேகம் கேட்டால் முகம் சுளித்த வருடங்கள். அந்தச் சொல் என்னைத் திருத்தியது, ஏனென்றால் அது என்ன குறை என்று சொன்னது. இரண்டரை ஸ்டார் அதைச் சொல்லாது. நன்னூலில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அதே பாயிரம் மாணவரையும் அன்னத்திலிருந்து ஓட்டைக்குடம், பன்னாடை வரை தரம் பிரித்து வைக்கிறது. எடைத்தட்டு இரண்டு பக்கமும் உண்டு.

வலது பக்க பெஞ்சு

நான் பன்னிரண்டு வருடம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். 2017இல்தான் அங்கே முதன்முதலாக கூகுள் ஃபார்மில் ஃபீட்பேக் வாங்கினார்கள். அதுவரை காகிதம்தான். வகுப்புத் தலைவி வாங்கிக் கட்டி ஆபீஸில் கொடுப்பாள், அது எங்கே போனதென்று யாரும் கேட்டதில்லை. ஃபார்ம் வந்த வருடம் எங்களுக்கும் லிங்க் கொடுத்தார்கள். என் வகுப்பில் 54 பேர். எழுதியவர்கள் 19 பேர்.

மதிப்பெண் கட்டங்களைத் தாண்டிக் கடைசிப் பெட்டிக்குப் போனேன். இரண்டு பேர் என் புடவையைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவர் குரலைப் பற்றி. ஒருவர் 'சூப்பர் மேம்' என்று மட்டும். இன்னொருவர் எழுதியிருந்தது இது: போர்டில் எழுதும்போது நீங்களே மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், வலது பக்க பெஞ்சுக்கு ஒன்றும் தெரிவதில்லை, நீங்கள் நகர்வதற்குள் அழித்துவிடுகிறீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். நிகழ்தகவுப் பரவல்களையெல்லாம் அந்த வலது பக்கத்துப் பிள்ளைகள் என் முதுகைப் பார்த்தே படித்திருக்கிறார்கள். ஒரு துறைத்தலைவரும், ஒரு ஆய்வுக்குழுவும், பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன ஒரு சீனியரும் சொல்லாததை அந்த ஒரு வரி சொன்னது. மறுநாள் முதல் நின்ற இடத்தை மாற்றினேன். புடவை பற்றிய வரிகளும் மறக்கவில்லை. அந்தச் செமஸ்டர் முழுக்கக் காலையில் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவை நினைவுக்கு வந்தன. யார் எழுதியது என்று வகுப்பில் ஒவ்வொரு முகமாகத் தேடியிருக்கிறேன். தேடக் கூடாது என்று தெரிந்தும் தேடினேன்.

ஒரே பெட்டி. பொன்னும் அதில்தான் வந்தது, முள்ளும் அதில்தான் வந்தது.

வட்டப்படங்களின் காலம்

ஒரு கல்லூரியின் இணையதளத்தில் கொஞ்சம் தேடினால் மாணவர் கருத்து என்று ஒரு பி.டி.எஃப். கிடைக்கும். வண்ண வண்ணமாக வட்டப்படங்கள். பாதிக்கு மேல் 'மிக நன்று', அடுத்தது 'நன்று', நூல் மாதிரி ஒரு கீற்று 'சுமார்'. கடைசிப் பக்கத்தில் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்று இரண்டு வரி.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' அமைப்பு 1994இல் தொடங்கியது. 2017இல் அது தன் முறையைத் திருத்தியபோது மாணவர் கருத்துக்கு இரண்டு இடங்கள் வைத்தது. ஒன்று, கல்லூரி தானே கருத்து வாங்குவது. வாங்கினால் ஒரு படி. வாங்கி அலசினால் அடுத்த படி. நடவடிக்கையும் எடுத்தால் அதற்கு மேல். நடவடிக்கை எடுத்து இணையதளத்திலும் போட்டால் உச்சப் படி. இரண்டாவது, மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு. கல்லூரி தன் மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுக்கும். நாக் நேரடியாக அவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பும். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலிலிருந்து பூஜ்யம் வரை. பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தினார்கள், தயாரித்துக்கொண்டு வந்தார்களா, இன்டர்னல் மார்க் நியாயமாக இருந்ததா. இருபத்தொன்றாவதில் மாணவரே எழுதலாம். ஒரு கல்லூரியில் பத்து சதவீதம் பேரோ நூறு பேரோ, எது குறைவோ, அத்தனை பேர் பதில் அனுப்பினால் கணக்கு ஏற்கப்படும்.

எண்ணத்தில் பழுதில்லை. கல்லூரி நிர்வாகத்தைத் தாண்டி மாணவரிடம் நேராகக் கேட்கிற துணிச்சல் அதில் இருந்தது. ஆனால் கருத்து வாங்குவதற்கே மதிப்பெண் என்றானதும், வாங்குவதுதான் வேலையானது. நான் பார்த்த ஒரு வகுப்பறையில், மெயில் வரும் வாரத்தில், எல்லாவற்றுக்கும் நாலு போடச் சொல்லி ஒருவர் பாடமே எடுத்தார். உங்கள் டிகிரிக்கு மதிப்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். இன்னோரிடத்தில், ஃபார்ம் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். நாற்பது பேர் பத்து நிமிடத்தில் ஒரே கட்டத்தை மேலிருந்து கீழ்வரை தட்டிவிட்டு எழுந்து போனார்கள். ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி இணையதளத்தில் கிடக்கிறது அந்த வட்டப்படம். அதில் வகுப்பறை மட்டும் இல்லை.

வகுப்பறை வேறிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கல்லூரிக்குக் கல்லூரி 'கன்ஃபெஷன்' பக்கங்கள், மீம் பக்கங்கள். நடத்துவது யாரென்று தெரியாது. அனுப்புவது யாரென்று நடத்துபவருக்குத் தெரியும், அல்லது அவருக்கும் தெரியாது. அங்கே பிள்ளைகள் மனம் திறக்கிறார்கள். ஒருவரை இரண்டே வரியில் முடித்தும் விடுகிறார்கள்.

ஹெச்.ஓ.டி. அறை

அவளுக்கு ஏன் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை என்பதற்கு வருகிறேன்.

அதே 2017இல், அதே ஃபார்மில், அவள் ஒன்றை எழுதினாள். ஒரு ஆசிரியர் மாணவிகளிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போகும்போது பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று. 'பெயர் வெளியிடப்படாது' என்று அந்த ஃபார்மிலும் இருந்தது. ஆனால் ரிஜிஸ்டர் நம்பர் போட்டுத்தான் உள்ளே போக முடியும். மூன்றாம் நாள் ஹெச்.ஓ.டி. அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆசிரியரைப் பற்றி அங்கே விசாரணை நடக்கவில்லை. எழுதியது நீதானா, யார் சொல்லி எழுதினாய், வீட்டுக்குத் தெரியுமா என்று விசாரணை நடந்தது. முக்கால் மணி நேரம். அந்த நேரம் நான் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறதென்று என் காதுக்கு வந்தது. நான் எழுந்து போகவில்லை. என் வேலையும் வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. அதைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் அது எனக்கே போதவில்லை. நான் பக்கத்து அறையில் இருந்தது அவளுக்குத் தெரியுமா என்று இத்தனை வருடமும் நான் அவளிடம் கேட்டதில்லை.

கதவு இப்படி அடைபட்டால் பேச்சு ஜன்னல் வழியாகத்தான் வெளியே வரும். 2021 மே மாத இறுதியில் தமிழ்நாடே அதைப் பார்த்தது. சென்னை கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி பால பவன் பள்ளியின் இணைய வகுப்புகளில் ஒரு ஆசிரியர் நடந்துகொண்ட விதம் பற்றி மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் எழுதியவை இன்ஸ்டாகிராமில் வெளியாயின. சில நாட்களுக்குள் அவர் போக்சோ சட்டத்தில் கைதானார். அதைப் பார்த்து மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள். அதன் பிறகே அரசு இணைய வகுப்புகளுக்கு நெறிமுறை வெளியிட்டது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டிகள் வந்தன. 14417, 1098 என்ற உதவி எண்கள் பள்ளிச் சுவர்களில் ஏறின. 2023இல் கலாக்ஷேத்ராவிலும் இதே வரிசைதான். முதலில் சமூக ஊடகப் பதிவு, பிறகு நிறுவனத்தின் மறுப்பு, மார்ச் இறுதியில் மாணவர்கள் தரையில் உட்கார்ந்து போராடியது, அதற்கப்புறம் வழக்கு, ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு இணையத்தில் பிள்ளைகள் ஆசிரியரைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவளுக்கும் மனம் வராது.

ஆனால் அதே ஜன்னலில் கல்லும் வரும். 2020 ஜூன் 1, ஊரடங்குக் காலம். கேரள அரசின் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் பூனைக்குட்டிக் கதை சொல்லிப் பாடம் எடுத்தார். அவர் அழகாக எடுத்தார் என்று ஊரே கொண்டாடியது. அதே நாளில் அந்த வகுப்புகளை எடுத்த பெண் ஆசிரியர்களைப் பற்றி ஆபாசமான பதிவுகளும் மீம்களும் வந்து குவிந்தன. போலீஸ் வழக்குப் பதிந்தது. அப்படிப் பரப்பியவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. அதுவரை நான்கு சுவருக்குள், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் மட்டுமே பாடம் எடுத்துப் பழகியவர்கள் அந்த டீச்சர்கள். ஒரே நாளில் கேமராவுக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்த பாடத்தைப் பற்றி அந்தப் பதிவுகளில் ஒரு வார்த்தை இல்லை.

புகார் வேறு, பாடம் பற்றிய கருத்து வேறு. ஒன்று காவல்நிலையம் வரை போக வேண்டியது. ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதது. இன்னொன்று வகுப்பறையை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாதது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடச் சொல்லி, அந்தப் பெட்டியை நடுத்தெருவில் வைக்கிறோம். அதனால்தான் தொட்டுப் பேசுகிறவரும், போர்டை மறைத்து நிற்கிறவரும், யாருக்கோ தன் புடவை பிடிக்காமல் போனவரும் ஒரே இரண்டரை ஸ்டாரில் வந்து நிற்கிறார்கள்.

சராசரி சொல்லாதது

"ஸ்டாரைப் பத்திச் சொல்லுங்க மேடம். நீங்க ஸ்டாட்ஸ் தானே" என்றாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பேப்பரை எடுத்தேன்.

பத்துப் பேர் ஒரு ஆசிரியருக்கு மூன்று மூன்றாகப் போடுகிறார்கள். சராசரி மூன்று. இன்னொருவருக்கு ஐந்து பேர் ஐந்தும், ஐந்து பேர் ஒன்றும் போடுகிறார்கள். அங்கேயும் சராசரி மூன்றுதான். முதலாமவர் யாருக்கும் கெடுதலில்லாமல் காலம் தள்ளுகிறார். இரண்டாமவரின் வகுப்பில் ஏதோ பெரிதாக நடக்கிறது: ஒருவேளை பாதிப் பேருக்கு உயிராகவும் பாதிப் பேருக்கு வேம்பாகவும் இருக்கிறார், ஒருவேளை பாதிப் பேரைப் பார்ப்பதே இல்லை. ஆப் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவிடும். இது இரண்டாம் செமஸ்டர் பாடம், அவளுக்கும் தெரியும். தானாக முன்வந்து எழுதுகிற 19 பேரும் எழுதாத 35 பேரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல என்பதும் தெரியும். மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கோபமாக இருப்பவர்களும் எழுதுவார்கள். நடுவில் இருப்பவர்கள் டியூஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அவளுக்குத் தெரியாதது வேறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு இணைய வகுப்பை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2014 கடைசியில் வெளியானது. ஒரு ஆண் ஆசிரியர், ஒரு பெண் ஆசிரியர். முகம் தெரியாத வகுப்பு. ஆளுக்கு இரண்டு குழுக்கள். ஒரு குழுவிடம் சொந்த அடையாளத்தோடும், இன்னொரு குழுவிடம் மற்றவரின் அடையாளத்தோடும் பாடம் எடுத்தார்கள். வீட்டுப்பாடத்தை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான் திருத்திக் கொடுத்தார்கள். சீக்கிரம் திருத்திக் கொடுத்தாரா என்ற கேள்விக்கு ஆண் என்று நினைத்த ஆசிரியருக்கு ஐந்துக்கு 4.35, பெண் என்று நினைத்தவருக்கு 3.55. கடிகாரம் ஒன்று, மதிப்பெண் இரண்டு. மொத்தம் 43 மாணவர்கள்தான், சின்னச் சோதனை. ஆனால் அடுத்தடுத்து வந்த பெரிய ஆய்வுகளும் இந்தச் சாய்வை வேறு வேறு அளவில் காட்டின.

எல்லாரும் பார்க்கிறபடி கருத்தைத் திறந்து வைத்தால் இன்னொன்று நடக்கும். முதலில் எழுதுகிறவர் சுருதி பிடிப்பார், பின்னால் வருகிறவர்கள் அதே சுருதியில் பாடுவார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு இதை அளந்தது. ஒரு செய்தித் தளத்தில் வாசகர் கருத்துகள் சிலவற்றுக்கு, கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, முதல் பாராட்டு ஓட்டை ஆய்வாளர்களே போட்டார்கள். அந்த ஒரு ஓட்டால் அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்துவிட்டது. என் வகுப்பிலும் ஒருமுறை, ஊரடங்கு நாட்களில், கருத்துத் தாளை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். முதலில் ஒரு பிள்ளை வேகமாகப் போகிறீர்கள் என்று எழுதியது. அடுத்த பதினொரு பேரும் அதையே எழுதினார்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டால், நாலு பேருக்கு மெதுவாகப் போவதாகத் தோன்றியிருக்கிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அமெரிக்க விமானப்படைக் கல்விக்கூடத்தின் கதை. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்வார்கள். அதனால் ஒப்பிடுவது எளிது. 2010இல் இரண்டு பொருளியலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். நுண்கணிதத்தின் முதல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல மதிப்பீடு தந்திருந்தார்கள். ஆனால் அதே பிள்ளைகள் அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் சறுக்கினார்கள். ஆழமாக உழுது, கஷ்டப்பட வைத்து, அப்போது குறைவான மதிப்பீடு வாங்கிய ஆசிரியர்களின் பிள்ளைகள் பின்னால் நன்றாகச் செய்தார்கள்.

மேலக்கால் ரோட்டில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டால் கை கழுவும்போதே ஸ்டார் போட்டுவிடலாம். பாடத்தின் ருசி அப்படியல்ல. தேற்றத்தைப் பார்த்து எழுதக் கூடாது, அழித்துவிட்டு மறுபடி எழுது என்று எங்களை வதைத்த ஒரு கணக்கு வாத்தியார் எனக்கு இருந்தார். அன்றைக்கு என் கையில் ஆப் இருந்திருந்தால் ஒரே ஸ்டார்தான் போட்டிருப்பேன்.

கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சங்கம் இந்தப் பிரச்சினையை நடுவர் முன் கொண்டுபோனது. மாணவர் மதிப்பீட்டை வைத்துக் கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வு தீர்மானிக்கக் கூடாது என்று 2018இல் நடுவர் தீர்ப்பளித்தார். மாணவரின் அனுபவத்தை அறிய அது உதவும், ஆசிரியரின் திறனை அளக்க உதவாது என்பது அவர் கண்ட வித்தியாசம். நம்மூர் கௌரவ விரிவுரையாளருக்கும் சுயநிதிப் பள்ளி ஆசிரியைக்கும் போய் நிற்க அப்படியொரு நடுவர் இல்லை. மே மாதம் வீட்டுக்கு அனுப்ப ஒரு காரணம் தேடுகிற நிர்வாகத்துக்கு 2.4 என்ற எண் போதும்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 'நோட்டுபி' என்ற தளம் ஆசிரியர்களைப் பெயர் போட்டு மதிப்பிட வைத்தது. பெயர்களை எடுத்துவிடச் சொல்லி 2008 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜெர்மனியில் 'ஸ்பிக்மிஷ்' என்ற தளத்தின் மீது ஒரு ஆசிரியை வழக்குப் போட்டார். 2009 ஜூனில் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது: தொழில் பற்றிய கருத்து, அதைச் சொல்லலாம் என்றது. அமெரிக்காவில் 1999 முதல் நடக்கும் 'ரேட் மை புரொஃபசர்ஸ்' தளத்தில் ஆசிரியரின் தோற்றக் கவர்ச்சிக்கு ஒரு மிளகாய்ப் படம் போடும் வழக்கம் இருந்தது. பெண் பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு 2018இல்தான் அதை எடுத்தார்கள். எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தாள் அவள், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமைக்கு ஒரு தாள்

"அப்ப பேர் போட்டு எழுதச் சொல்லலாமா மேடம்? மனசுல பட்டதைத் தைரியமா சொல்லப் பழகட்டும்."

தென்மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது என்றேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவன், தன்னோடு படிப்பவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னான். அன்றிரவே அவன் வீட்டுக்கு அரிவாளோடு வந்தார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது அதன் பிறகுதான். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். அங்கே புகார் சக மாணவர்கள் மீது. ஆனால் பெயரைச் சொல்லிப் பேசுவதன் விலை இங்கே என்ன என்பது அதில் தெரிந்தது. பெயரை மறைக்கும் வசதி ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குக் கவசம். அதே வசதி, தலித் ஆசிரியர் ஒருவர் தன்னைக் கண்டித்தது பொறுக்காத பிள்ளைக்குக் கத்தி. இந்த இரண்டையும் எந்த ஆப்பாலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தால்தான் முடியும்.

விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். பெயர், ஊர், குறை எல்லாம் தெளிவாக எழுதிச் சாமி முன்னால் கட்ட வேண்டும். மொட்டைக் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. எழுதினவரின் பெயர் சாமிக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. பள்ளியில் அந்த இடத்தில் யாரை வைப்பது என்பதுதான் கேள்வி. ஹெச்.ஓ.டி.யையோ பிரின்சிபாலையோ வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

தாளில் எழுத ஆரம்பித்தாள். நடத்தை பற்றிய புகார் இந்த ஆப்புக்குள் வரவே கூடாது. அப்படி ஒன்று வந்தால் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் உள்ள குழுவுக்குத்தான் அது நேராகப் போக வேண்டும். அந்தக் குழுவின் பெயர்களும் 1098ம் ஆப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்து, ஸ்டார் வேண்டாம். இதைச் சொல்லும்போது நிமிர்ந்து, "ஒத்துக்க மாட்டாங்க மேடம், ஆப் கம்பெனிக்காரங்க ஸ்டாரைத்தான் காட்டி வித்திருக்காங்க" என்றாள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எழுது என்றேன்.

ஸ்டாருக்குப் பதிலாக என்ன என்று கேட்டாள். நான் கடைசி மூன்று வருடம் செய்ததைச் சொன்னேன். செமஸ்டர் தொடங்கி ஐந்தாவது வாரம், அரைத்தாள். எது புரிகிறது, எங்கே இடறுகிறது. இரண்டே கேள்வி. பெயர் வேண்டாம். அன்றிரவு படித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் முதல் பத்து நிமிடம் பதில் சொல்வேன். இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, மாற்ற முடியாததற்குக் காரணம் இது. செமஸ்டர் முடிந்து விடைபெறும்போது சொல்கிற குறையால் அந்த வகுப்புக்கு என்ன லாபம்? வீடு கட்டும்போது சொன்னால் ஜன்னலை நகர்த்தலாம், கிரகப்பிரவேசத்தன்று சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். இணையத்தில் வாங்கினாலும் இதே மாதிரி வாங்கலாம். பிள்ளைகள் எழுதுவது ஆசிரியருக்கு மட்டும் போகட்டும். ஆசிரியர் சொல்லும் பதில் எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து கிடக்கட்டும். திறந்து வைக்க வேண்டியது பதிலைத்தான்.

"பதிலே சொல்லாத டீச்சர்?"

"ஆப்ல பதில் இருக்கிற இடம் காலியாக் கிடக்கும். அது போதும்."

அதையும் எழுதினாள். சம்பளம், வேலை இரண்டிலும் இந்தக் கருத்துகளைத் தொடக் கூடாது என்று தனி வரியாக எழுதி அடிக்கோடிட்டாள். தாள் நிறைந்துவிட்டது. சோழவந்தானிலிருந்து வரும் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளும்மா."

"அன்னைக்கு ஹெச்.ஓ.டி. ரூம்ல என்னை உட்கார வச்சு கேட்டப்ப, நீங்க ஸ்டாஃப் ரூம்ல இருந்தீங்க. நான் உள்ள போகும்போது பார்த்தேன். நீங்க வருவீங்கன்னு நினைச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஏழெட்டு வருடமாக வைத்திருந்ததைச் சொல்கிற நிதானம் இருந்தது.

"இருந்தேன்மா" என்றேன். "வந்திருக்கணும். பயந்துட்டேன்."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். எழுதி முடித்ததும் என்னிடம் காட்டினாள். 'புகார் சொல்ல வரும் பிள்ளையைத் தனியாக விசாரிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை நம்பும் ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.'

"இது சரியா இருக்கா மேடம்?"

'வேண்டும்' என்பதற்கு முன்னால் 'கட்டாயம்' என்று சேர்க்கச் சொன்னேன்.